குடிநீரில் ‘கன உலோகம்’ என்றால் எந்த உலோகம்? 200 ஆண்டுச் சொல்லின் பொருளும் பின்னணியும்

மைசூரு: குடிநீரில் கன உலோகம், மஞ்சள் தூளில் கன உலோகம், சிலைகளுக்குப் பூசும் வண்ணத்தில் கன உலோகம் என்ற செய்திகள் அடிக்கடி வெளியாகின்றன. அச்சத்தை ஏற்படுத்தும் இந்தச் சொல் எந்தெந்த உலோகங்களைக் குறிக்கிறது என்பதற்கு, அறிவியல் உலகில் இன்றுவரை ஒருமித்த வரையறை இல்லை. நச்சுத்தன்மை மிக்க பாதரசமும், வாக்காளரின் விரலில் வைக்கப்படும் மையில் உள்ள வெள்ளியும், இரத்தத்துக்கு இன்றியமையாத இரும்பும் இந்த ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. இச்சொல் எப்போது தோன்றியது, அதன் பொருள் எவ்வாறு மாறியது, ஆய்வக அறிக்கைகளை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஒரே நகரில் இரு உலோகங்கள்

கன உலோகம் என்ற சொல்லின் இரு முகங்களையும் கர்நாடக மாநிலம் மைசூரு நகரிலேயே காணலாம்.

முதலாவது வெள்ளி. மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் 1937-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம், தற்போது கர்நாடக அரசின் பொதுத்துறை நிறுவனமாக இயங்கி வருகிறது. 1962-ஆம் ஆண்டு பொதுத்தேர்தல் முதல், வாக்காளர்களின் விரலில் வைக்கப்படும் அழியாத மையை இந்நிறுவனம் தயாரித்து வழங்குகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்காக 26 லட்சத்துக்கும் அதிகமான மைக் குப்பிகள் இங்கிருந்து அனுப்பப்பட்டன. இந்த மையின் முக்கிய மூலப்பொருள் வெள்ளி நைட்ரேட் ஆகும். இது தோலில் உள்ள உப்புடன் சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருமையாகிறது. தோலின் மேலடுக்கு உதிரும் வரை அந்தக் கறை நீடிக்கிறது. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம். அடர்த்தியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வெள்ளியும் கன உலோகமே. ஆயினும் வாக்களித்துவிட்டு வரும் எவரும் தம் விரலில் கன உலோகம் பூசப்பட்டதாகக் கருதுவதில்லை.

இரண்டாவது ஈயம். மேகி நூடுல்ஸ் தொடர்பான வழக்கில், அதன் மாதிரிகளை மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்க உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் உத்தரவிட்டது. சிஎப்டிஆர்ஐ என்று அறியப்படும் இந்த மத்திய அரசு நிறுவனம், செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

இந்த விவகாரம் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கியது. அங்கு எடுக்கப்பட்ட மாதிரியில் 17.2 பிபிஎம் ஈயம் இருப்பதாகக் கொல்கத்தாவில் உள்ள மத்திய ஆய்வகம் தெரிவித்தது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு. இந்த உணவுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 2.5 பிபிஎம். இதைத் தொடர்ந்து 2015 ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விற்பனைக்குத் தடை விதித்தது. பல்லாயிரம் டன் நூடுல்ஸ் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றம் இந்தத் தடையை ரத்து செய்தது. முந்தைய சோதனைகளை நடத்திய ஆய்வகங்கள் அதற்குரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று சுட்டிக்காட்டிய நீதிமன்றம், அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபரிசோதனை செய்ய உத்தரவிட்டது. மூன்று ஆய்வகங்களிலும் ஈயத்தின் அளவு வரம்புக்குள் இருப்பதாக முடிவு வந்ததால், நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது. மைசூரு ஆய்வகத்தின் அறிக்கையும் ஈயம் வரம்புக்குள் இருப்பதாகவே தெரிவித்தது. மத்திய அரசு இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கைத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது.

சுமார் ஒன்பது ஆண்டுகள் நீடித்த இந்த வழக்கில், ஈயம் கன உலோகமா என்ற கேள்வி எழவில்லை. எவ்வளவு ஈயம், எந்த ஆய்வகத்தில், எந்த முறையில் அளக்கப்பட்டது என்பனவே விவாதிக்கப்பட்டன. நூடுல்ஸையும் மசாலாப் பொட்டலத்தையும் தனித்தனியே சோதிப்பதா, சமைத்து உண்ணும் நிலையில் சேர்த்துச் சோதிப்பதா என்பதும் முக்கிய வாதமாக இருந்தது.

பெயர் பிறந்தது எப்படி?

பழங்காலத்தில் மனிதர் அறிந்திருந்த முக்கிய உலோகங்கள் ஏழு: தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், ஈயம், பாதரசம். இவற்றுள் மிகவும் இலேசான வெள்ளீயமே தண்ணீரைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் கனமானது. எனவே, உலோகம் என்றாலே கனமானது என்ற எண்ணம் இயல்பாகவே நிலவியது. ‘கன’ என்ற அடைமொழிக்கு அன்று தேவை இருக்கவில்லை.

இந்த நிலை 1807-ஆம் ஆண்டு மாறியது. பிரிட்டன் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். இவை பளபளப்பும் மின்கடத்தும் தன்மையும் கொண்ட உலோகங்கள். ஆயினும் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானவை. பொட்டாசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.86 கிராம் மட்டுமே. இலேசான உலோகங்களும் உண்டு என்று தெரிந்த பிறகுதான், மற்றவற்றைத் தனியே குறிப்பிட ஒரு சொல் தேவைப்பட்டது.

ஜெர்மனி வேதியியலாளர் லியோபோல்ட் மெலின் 1817-ஆம் ஆண்டு தனிமங்களை அலோகங்கள், இலேசான உலோகங்கள், கன உலோகங்கள் என மூன்றாகப் பகுத்தார். அடர்த்தி 5 வரை உள்ளவை இலேசானவை என்றும், அதற்கு மேற்பட்டவை கனமானவை என்றும் அவர் வகைப்படுத்தினார். அந்தப் பகுப்பில் நச்சுத்தன்மை பற்றிய பேச்சே இல்லை. கன உலோகம் என்பது எடையைக் குறிக்கும் பெயராகவே பிறந்தது.

தொழிற்சாலைக் கழிவுகளால் ஏற்பட்ட பாதிப்புகள் 20-ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது, அவற்றுக்குக் காரணமான ஈயம், பாதரசம், காட்மியம் ஆகிய மூன்றும் அடர்த்தி மிக்கவையாக இருந்தன. சுற்றுச்சூழல் ஆய்வுகளிலும் சட்டங்களிலும் கன உலோகம் என்ற சொல் நச்சு உலோகம் என்ற பொருளில் வழங்கத் தொடங்கியது. எடையைச் சொன்ன பெயர் இவ்வாறு ஆபத்தைச் சொல்லும் பெயராக மாறியது.

பீரங்கி, இசை, அணு உலை

வேதியியலுக்கு வெளியிலும் இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், போர்க்கப்பல்களில் பொருத்தப்பட்ட பெரிய பீரங்கிகளைக் குறிக்க ‘ஹெவி மெட்டல்’ என்ற தொடர் வழங்கியது.

இன்றைய இளைஞர்கள் பலருக்கு இத்தொடர் முதலில் நினைவூட்டுவது இசையையே. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ், 1960-களில் எழுதிய நாவல்களில் ஒரு கதாபாத்திரத்துக்கு இந்தப் பெயரைச் சேர்த்து வழங்கினார். 1968-இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவினர் வெளியிட்ட ‘பார்ன் டு பி வைல்ட்’ பாடலிலும் இத்தொடர் இடம்பெற்றது. மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பாடும் அந்தப் பாடலில் இத்தொடர் இயந்திரத்தின் முழக்கத்தைச் சுட்டியது. 1970-71-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இசை விமர்சகர்கள் உரத்த கிட்டார் இசைக்கு இதையே பெயராகச் சூட்டினர்.

இந்த இசை வகையின் முன்னோடியான பிளாக் சப்பாத் குழு, பிரிட்டனின் தொழில் நகரமான பர்மிங்காமில் உருவானது. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் உலோகத் தகடு தொழிற்சாலையில் ஏற்பட்ட விபத்தில் இரு விரல்களின் நுனிகளை இழந்தவர். விரல்களில் நெகிழி உறைகளை மாட்டிக்கொண்டு வாசித்த அவர், பின்னாளில் தந்திகளைத் தளர்த்தியும் இசைத்தார். குழுவின் கனத்த ஒலிக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இந்தியாவில் இவ்விசைக்குப் பெங்களூரு முக்கியக் களமாக விளங்குகிறது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழுவும், 2011 அக்டோபரில் மெட்டாலிகா குழுவும் அங்குள்ள அரண்மனை மைதானத்தில் இசை நிகழ்ச்சி நடத்தின.

அணுசக்தித் துறையில் இச்சொல்லின் பொருள் முற்றிலும் வேறு. அங்கு யுரேனியம், தோரியம், புளூட்டோனியம் ஆகியவையே கன உலோகம் எனப்படுகின்றன. அணு உலை எரிபொருளின் அளவை ‘டன் கன உலோகம்’ என்று கணக்கிடுவது வழக்கம்.

தமிழில் ‘கன’ தரும் குழப்பம்

தமிழில் ‘கன’ என்ற முன்னொட்டு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் வழங்குகிறது. கன உலோகத்தில் அது எடையைக் குறிக்கிறது. கன சென்டிமீட்டர், கன அடி ஆகியவற்றில் கொள்ளளவைக் குறிக்கிறது. தூத்துக்குடி கன நீர் ஆலையின் பெயரில் உள்ள ‘கன நீர்’, கன உலோகம் கலந்த நீர் அன்று. அது டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனால் ஆன நீர். இலங்கைத் தமிழில் கன உலோகத்துக்குப் ‘பார உலோகம்’ என்ற சொல் வழங்குகிறது.

தமிழ் மரபில் போற்றப்படும் ஐம்பொன்னும் இங்கு நினைவுகூரத்தக்கது. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்ற ஐந்தின் அடர்த்தியும் 7-ஐ விட அதிகம். மெலின் வகுத்த வரம்பின்படி ஐந்துமே கன உலோகங்கள். ஆனால் உடல்நலத்தின் நோக்கில் இவை ஐந்தும் ஒன்றல்ல. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு தேவை. சிறிதளவு செம்பு உடலுக்குத் தேவை. பொன் பெரும்பாலும் வினைபுரியாதது. ஈயத்தால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. கேடு மட்டுமே உண்டு.

எல்லை எது?

கன உலோகத்துக்கான அடர்த்தி வரம்பு நூலுக்கு நூல் மாறுபடுகிறது. சில நூல்கள் 3.5 என்கின்றன, சில 5 என்கின்றன, வேறு சில 7 என்கின்றன. அணு எடை, அணு எண், வேதிப் பண்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட வரையறைகளும் உள்ளன.

எந்த வரம்பை வைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பெரிலியத்தின் அடர்த்தி 1.85 மட்டுமே, அது அலுமினியத்தை விடவும் இலேசானது. ஆயினும் அதன் தூசியைச் சுவாசித்தால் கடுமையான நுரையீரல் நோய் ஏற்படும். மறுபுறம், ஈயத்துக்கு அடுத்த தனிமமான பிஸ்மத், அடர்த்தி மிக்கதாக இருந்தும் வயிற்றுக் கோளாறுக்கான மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. வைட்டமின் பி12 மூலக்கூறின் மையத்தில் இருப்பது கோபால்ட் என்ற கன உலோகம். நிலத்தடி நீரைப் பாதிக்கும் ஆர்செனிக், முழுமையான உலோகமே அல்ல; உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட உலோகப்போலி வகையைச் சேர்ந்தது. இருப்பினும் கன உலோகப் பட்டியல்களில் அது பெரும்பாலும் இடம்பெறுகிறது.

இத்தகைய முரண்பாடுகளைத் தொகுத்து, சர்வதேச தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் 2002-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஜான் டஃபஸ் என்ற நச்சியல் அறிஞர் எழுதிய அந்த அறிக்கை, கன உலோகம் என்பது பொருளற்ற சொல்லா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டிருந்தது. அடர்த்திக்கும் நச்சுத்தன்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும், ஒரு தனிமத்தையும் அதன் எல்லாச் சேர்மங்களையும் ஒரே பெயரால் ஆபத்தானவை எனக் கொள்வது தவறு என்பதும் அறிக்கையின் சாரம்.

ஒரே உலோகம், வெவ்வேறு வடிவம்

பாதரசம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உடைந்த வெப்பமானியின் பாதரசத் துளி தவறுதலாக விழுங்கப்பட்டால், அதன் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறிவிடும். அதே பாதரசம் ஆவியாகி மூச்சுக்காற்றில் கலந்தால், நுரையீரல் வழியாக இரத்தத்தில் நுழைந்து மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீர்நிலைகளில் நுண்ணுயிர்களால் அது மெத்தில் பாதரசமாக மாறினால் மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்போரின் நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும். ஜப்பானின் மினமாட்டா நகரில் 1956-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நோய்க்கு மெத்தில் பாதரசமே காரணம்.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்கில் கண்டறியப்பட்டதை அடுத்து 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பாக நிறுவனத்துடன் உடன்பாடு எட்டப்பட்டது 2016-ஆம் ஆண்டில்தான்.

குரோமியமும் அப்படியே. தோல் பதனிடுதலில் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்தின் நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குவிந்த கழிவு பெரும் சிக்கலானதற்கு இந்த இரண்டாம் வடிவமே காரணம். குரோமியம் இருக்கிறது என்று மட்டும் கூறும் அறிக்கை, இவற்றில் எது என்பதைக் கூறுவதில்லை.

சட்டம் பெயர் சொல்லியே வரம்பு விதிக்கிறது

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் தரநிலை, ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி வரம்பை நிர்ணயித்துள்ளது. ஒரு லிட்டர் நீரில் ஏற்கத்தக்க அளவு, ஈயத்துக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.001 மில்லிகிராம். துத்தநாகத்துக்கோ 5 மில்லிகிராம். துத்தநாகமும் பாதரசமும் கன உலோகங்களே. ஆனால் அனுமதிக்கப்பட்ட அளவில் 5,000 மடங்கு வேறுபாடு உள்ளது.

உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகின்றன. மெத்தில் பாதரசத்துக்குத் தனி வரம்பு உண்டு. வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மூலிகைகளால் மட்டும் தயாரிக்கப்படும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை ஏற்றுமதி செய்யக் கன உலோகப் பரிசோதனை 2006 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த உத்தரவும் பொதுப் பெயருடன் நின்றுவிடவில்லை. ஈயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம் ஆகிய நான்குக்கும் தனித்தனி வரம்புகளைக் குறிப்பிட்டது.

கைவிடப்பட்ட பழைய சோதனை

மருந்துகளில் கன உலோகத்தைக் கண்டறிய அமெரிக்க மருந்துத் தர நூலில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே முறை இருந்து வந்தது. கரைசலில் சல்பைடு சேர்க்கப்படும்போது தோன்றும் கருநிறம், குறிப்பிட்ட அளவு ஈயம் தரும் நிறத்துடன் கண்ணால் ஒப்பிடப்படும். கரைசல் அதைவிடக் கருத்திருந்தால் மருந்து நிராகரிக்கப்படும். எந்த உலோகம் என்பதை இந்த முறையால் கூற இயலவில்லை. மாதிரியைச் சூடாக்கும்போது பாதரசம் ஆவியாகித் தப்பிவிடும் குறையும் இருந்தது. 2018 ஜனவரி முதல் இந்தச் சோதனை நீக்கப்பட்டு, ஒவ்வொரு தனிமத்தையும் தனியே அளக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

தற்போதைய ஆய்வகங்களில், மாதிரி அமிலத்தில் கரைக்கப்பட்டு, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் தூவப்படுகிறது. அங்கு உருவாகும் அயனிகளை நிறையின்படி கருவி பிரித்து எண்ணுகிறது. நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் இதனால் கண்டறிய முடியும். கருவியின் நுட்பம் கூடியதால், ஏறக்குறைய எல்லா உணவிலும் ஏதேனும் ஓர் உலோகம் அறியப்படும் நிலை உருவாகியுள்ளது. எனவே, ‘கன உலோகம் கண்டுபிடிப்பு’ என்ற தகவல் மட்டும் ஆபத்தைக் காட்டுவதாகாது.

கவனிக்க வேண்டியவை என்ன?

இதனால் கன உலோகம் பற்றிய எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யலாம் என்று பொருளல்ல. ஈயத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பானது எனக் கூறத்தக்க அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. கால்சியத்தைப் போலவே எலும்பில் படிந்து பல ஆண்டுகள் தங்கும் தன்மை ஈயத்துக்கு உண்டு. பெரியவர்களை விடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிக ஈயத்தை உறிஞ்சுகிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ஆம் ஆண்டு மதிப்பிட்டன. இந்தியாவில் மட்டும் அத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 27.5 கோடி என அந்த அறிக்கை கூறியது.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. பழைய மின்கலங்களை உருக்கும் இடங்கள், உதிரும் பழைய வண்ணப்பூச்சு, மஞ்சளுக்கு நிறமூட்டச் சட்டவிரோதமாகக் கலக்கப்படும் ஈயக் குரோமேட் ஆகியவை இன்னும் ஆபத்தாகத் தொடர்கின்றன. ஈயத்தின் பெயரைச் சொன்னால்தான் இந்த ஊற்றுக்கண்களைத் தேட முடியும். கன உலோகம் என்று பொதுவாகச் சொன்னால் எங்கே தேடுவது என்பதே தெரியாமல் போகும்.

எனவே, தங்கள் பகுதியின் குடிநீர் அல்லது உணவு குறித்த அறிக்கையைக் காண்போர் நான்கு விவரங்களைப் பார்ப்பது நல்லது. எந்த உலோகம், எந்த வேதி வடிவம், எவ்வளவு, அதற்கான வரம்பு எவ்வளவு என்பனவே அவை. இவற்றுடன், சோதித்த ஆய்வகம் அந்தச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம் என்பதை நூடுல்ஸ் வழக்கு உணர்த்தியது. அறிக்கையில் இந்த விவரங்கள் இல்லையெனில், குடிநீர் வழங்கும் உள்ளாட்சி அமைப்பிடமோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ பொதுமக்கள் அவற்றைக் கேட்டுப் பெறலாம். அரசு அலுவலகங்களில் உள்ள ஆய்வறிக்கைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரவும் வழி உண்டு.